கவிழ்த்துப் போட்ட விளக்குக் கல்

மழை விடுகிற மாதிரி இல்லை. பங்கிராஸுக்காகக் காத்திருக்க வேண்டாம், அவன் வரமாட்டான். காற்றும் மழையுமாக அடிக்கிற நாளில் அவன் வீட்டை விட்டு இறங்குவதே இல்லை. பெண்டாட்டிக்குப் பயந்து கிடக்கிறான் என்று நீங்கள் கிண்டல் செய்கிறீர்கள்... செய்யுங்கள். காரணம் தெரிந்தால் செய்யமாட்டீர்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். இது அவனுடைய தாய்மாமன் தைரியநாதனுக்கு நடந்தது.

கார்த்திகை மாதம். பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரம். ஜெகதாப்பட்டினத்திலிருந்து தெற்கே புன்னைத்திட்டுக்குப் போகிற மணல் சாலை. ஒரு பக்கம் உடைமரக் காடு, மறு பக்கம் கடல். சுதந்திரம் வந்து எட்டு ஒன்பது வருஷம் ஆகியும் அந்தச் சாலைக்கு ஒரு கூடைச் சரளை வரவில்லை. தைரியநாதன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி மிதிக்க முடியாது. வாடைக்காற்று கடல் பக்கமிருந்து மணலை அள்ளிக் கன்னத்தில் அறைந்தது. சட்டைப் பையில் ஒரு தந்தி. தபால் ஆபீஸில் வாங்கியபோதே படித்துவிட்டார். இருந்தாலும் வழியில் இரண்டு தடவை நின்று, தீக்குச்சி கிழித்து, மறுபடி படித்துப் பார்த்தார்.

திறப்பு விழா தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மறு உத்தரவு வரும்வரை விளக்கை ஏற்றக் கூடாது.

அவ்வளவுதான் அதில் இருந்தது. திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதருக்கு உடம்புக்கு முடியவில்லையாம். ஜலதோஷம்.

எந்த விளக்கு என்று கேட்பீர்கள். புன்னைத்திட்டில் புதிதாகக் கட்டியிருந்த கலங்கரை விளக்கம். தைரியநாதன்தான் அதற்குக் காவலாள். ஆவூர்ப் பக்கத்துச் செம்மண் பூமியில் பிறந்தவர். கடலையே பார்க்காமல் வளர்ந்தவர், பத்தாவது படித்த புண்ணியத்தில் அந்த வேலை கிடைத்தது. அதுவும் தற்காலிகம். விழா முடிந்தால் பெர்மனென்ட். பேரில் இருந்த தைரியத்தில் கால்வாசி ஆளிடம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்தக் கோபுரத்தைச் சும்மா சொல்லக் கூடாது. மணலில் அஸ்திவாரம் நிற்காது என்று, கிணற்றுக்கு உறை இறக்குவது போல வட்டச் சுவர் கட்டி, உள்ளேயிருந்து மணலைத் தோண்டத் தோண்ட அது தன் பாரத்திலேயே கீழே இறங்கும்படி செய்தார்கள். அதன் மேல் கோபுரம். நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து கருங்கல் வந்தது. லாரி மணலில் புதைந்த இடத்திலிருந்து மாட்டு வண்டி. சவுக்குக் கம்பத்தில் சாரம் கட்டி, பெண்கள் சாந்துச் சட்டி சுமந்து ஏறி ஏறி இறங்கினார்கள். சாரத்திலிருந்து கருப்பன் என்று ஒருவன் விழுந்து செத்தான். அன்றைக்கு அரைநாள் வேலை நின்றது. மறுநாள் அவன் தம்பி அதே சாரத்தில் ஏறினான். கடைசியாகச் சீமையிலிருந்து கண்ணாடி வந்தது. ஆள் உயரம். வைக்கோல் சுற்றி, கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருவது போலக் கூட்டி வந்தார்கள். மண்ணெண்ணெய் ஆவியில் பெட்ரோமாக்ஸ் போல மேண்டில் எரியும், அதைச் சுற்றிக் கண்ணாடி மெதுவாகத் திரும்பும். பத்து மைலுக்கு அப்பாலும் தெரியும்.

இதெல்லாம் வருவதற்கு முன்னே அந்தக் கரையில் வேறொரு விளக்கு இருந்தது.

தர்கா வாசலில் பழைய பாய்மரம் ஒன்றை நட்டிருந்தார்கள். அதன் உச்சிக்கு ஒரு கூண்டு விளக்கைக் கயிறு கட்டி ஏற்றுவார்கள். மரத்தடியில் ஒரு கருங்கல், நடுவே கிண்ணம் போலக் குழி, குழி நிறையப் புன்னை எண்ணெய். கடலிலிருந்து திரும்புகிறவன் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. அந்த எண்ணெயில் கட்டைவிரலை நனைத்து, மரத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "தொட்டாச்சு உம்மா" என்று குரல் கொடுக்க வேண்டும். "அல்ஹம்துலில்லா, வாங்க" என்று உள்ளேயிருந்து பதில் வரும். போனவர்கள் எல்லாரும் தொட்ட பிறகுதான் விளக்கைக் கயிற்றில் கீழே இறக்குவது. ஒருவன் பாக்கி என்றாலும், விடிந்து வெயில் ஏறினாலும், விளக்கு மேலேயேதான் எரியும். இந்து, துலுக்கர், வேதக்காரர் என்கிற பேதம் அந்த எண்ணெய்க்குக் கிடையாது.

பதில் சொல்கிறவள் ஹவ்வா உம்மாள். விளக்குப் பார்த்த புருஷன் போன பிறகு அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரே மகன் யாக்கூப். இருபது வயதிருக்கும், சிரித்த முகம். வள்ளத்தில் போகிறவன்.

ஒரே கரையில் இரண்டு வெளிச்சம் இருந்தால் கப்பல்காரன் குழம்புவான் என்று மேலிடத்தில் சொன்னார்கள். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பாய்மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். அடியில் இருந்த கல்லைக் கண்டிராக்டர் ரெங்கராஜ் பார்த்தார். நல்ல கல். கோபுர வாசலுக்குப் படிக்கல் ஒன்று தேவைப்பட்டது. குழி இருந்தால் கால் இடறுமே என்று, கவிழ்த்துப் போட்டுச் சிமெண்ட் பூசிவிட்டார். தைரியநாதனும் பக்கத்தில் நின்று, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று சொன்னார். ஹவ்வா உம்மாளிடம் சமாதானம் பேசப் போனவரும் அவர்தான்.

"இந்த வயசுல நீங்க கயித்தைப் பிடிச்சு இழுத்துக் கஷ்டப்பட வேணாம் உம்மா. இனிமே நம்ம வெளக்கு பாத்துக்கிரும்."

"அது சரி தம்பி. தொட எண்ணெ இருக்குமா?"

தைரியநாதன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு நினைத்து நினைத்து அவர் அழுதிருக்கிறார்.

இப்போது சைக்கிளுக்கு வருவோம். அவர் புன்னைத்திட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. யாக்கூப்பின் வள்ளம் முதல் நாளே போயிருந்தது. அவனோடு மூன்று பேர். திரும்பி வருகிற இரவில் புது விளக்கு எரியும் என்று எல்லாருக்கும் தெரியும். தண்டோரா போட்டுச் சொல்லியிருந்தார்களே... அந்த நம்பிக்கையில் போனவர்கள்.

இரும்புக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தைரியநாதன் மேலே ஏறினார். எல்லாம் தயார். எண்ணெய் நிரப்பியிருந்தது. புது மேண்டில். கண்ணாடி துடைத்துப் பளபளவென்று நின்றது. மடியில் தீப்பெட்டி. விழாவுக்கு முன்னால் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரிந்தாலும் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மேலதிகாரி நேரிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கீழே சத்தம். டங்... டங்... டங்...

இறங்கிப் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் ஹவ்வா உம்மாள். எண்ணெய்த் தகரக் குவளையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இன்னும் வெளக்கு ஏத்தலையே?"

"உத்தரவு இல்லை உம்மா. விழா தள்ளிப் போயிருச்சு."

"புள்ளைங்க கடல்ல இருக்காங்க தம்பி. மணல் திட்டு எங்கிட்டு இருக்கு, உள்ள வர்ற வாய்க்கா எங்கிட்டு இருக்குன்னு எதைப் பாத்து வருவாங்க?"

"தெரியுது உம்மா. நான் என்ன செய்யட்டும்? ஏத்துனா என் வேலை போயிரும்."

பிறகு அவள் சொன்னாள். "சரி. அப்ப என் வெளக்கைக் குடுங்க. நான் ஏத்திக்கிறேன்."

எதைக் கொடுப்பது? மரத்தை விறகாக்கிச் சிமெண்ட் ஆட்களுக்குச் சோறு பொங்கியாகிவிட்டது. கல் அவள் காலடியிலேயே கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் நின்றுகொண்டுதான் அவள் கேட்டாள்.

தைரியநாதன் மேலே ஏறிவிட்டார். டங்... டங்... அந்தச் சத்தம் வெகு நேரம் கூடவே ஏறி வந்தது. பிறகு நின்றது. அதற்கப்புறம்தான் கடலிலிருந்து சங்குச் சத்தம் கேட்டது. கரை தெரியாத வள்ளத்துக்காரர்கள் சங்கு ஊதுவார்கள், விளக்கைக் காட்டு என்று அர்த்தம். ஒரு தடவை. காற்று அதைத் தின்றுவிட்டது. இன்னொரு தடவை, வடக்கே தள்ளி. தைரியநாதன் தீக்குச்சியை எடுத்தார். பெட்டியில் வைத்து அழுத்திப் பிடித்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை சங்கு பாதியில் நின்றது.

ஒரே ஒரு குச்சி. கிழித்திருந்தால் போதும். கிழிக்கவில்லை.

விடிந்தபோது வள்ளம் மணல் திட்டில் மோதிப் பிளந்து கிடந்தது. மூன்று உடல்கள் ஒதுங்கின. யாக்கூப் ஒதுங்கவில்லை. அடுத்த வாரம் ஜலதோஷம் சரியாகி விழா நடந்தது. மாலை, பேண்டு வாத்தியம், எல்லாருக்கும் லட்டு. விளக்கு அற்புதமாக எரிந்தது. அன்றைக்கு ஏன் ஏற்றவில்லை என்று தைரியநாதனை ஒருத்தரும் கேட்கவில்லை. பெர்மனென்ட் ஆக்கினார்கள்.

கேட்டவள் ஒருத்திதான். தினமும் விடிகாலையில், விளக்கை அணைத்துவிட்டு அவர் கதவைத் திறக்கும்போது, அந்தப் படிக்கல்லில் குவளையோடு உட்கார்ந்திருப்பாள்.

"எறக்கிட்டீங்களா தம்பி? எம் புள்ளை இன்னும் தொடலையே."

திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. ஒரு நாளாவது வைது தீர்த்திருந்தால் அந்த மனுஷன் பிழைத்திருப்பார். பங்குனியில் அவளும் போய்ச் சேர்ந்தாள். தர்காவுக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். தைரியநாதன் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவருக்கு மனசு லேசாக இருந்தது.

மறுநாள் விடிகாலை. வால்வைத் திருகினார். விளக்கு அணைந்தது. சுருள் படியில் இறங்கி வந்தார். ஒரு ஆள் இறங்கினால் இன்னொரு ஆள் ஏற முடியாத படிக்கட்டு அது, அவ்வளவு குறுகல். பாதி இறங்கியிருப்பார்... மூக்கில் ஏறியது. புன்னை எண்ணெய் கருகும் வாடை. கசந்த வாடை. கோபுரத்தில் மண்ணெண்ணெய் தவிர வேறு எண்ணெயே கிடையாது.

டங்... கீழ்ப் படியில்.

டங்... அதற்கு அடுத்த படியில்.

குவளை சுவரில் இடித்துக்கொண்டே ஏறி வந்தது. தைரியநாதன் சுவரோடு ஒட்டி நின்றார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஈரத் துணி ஒன்று அவர் புறங்கையில் உரசிக்கொண்டு போனது. சத்தம் மேலே போயிற்று. நின்றது. பிறகு உஸ்ஸ் என்று மேண்டில் பிடிக்கிற சத்தம்.

வெளியே ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார். கிழக்கே சூரியன் முளைத்துவிட்டது. மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து தினமும். அணைப்பார், இறங்குவார், அவள் ஏறுவாள். உச்சி வெயிலில் சர்க்கார் விளக்கு எரிவதைப் பார்த்து ஊரே சிரித்தது. யாரோ மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். மேலதிகாரி வந்து எண்ணெய்க் கணக்கைப் பார்த்தார், வால்வைத் திருகிப் பார்த்தார், பழுதில்லை என்றார். தைரியநாதனின் சீட்டைக் கிழித்தார். ஏற்ற வேண்டிய நாளில் ஏற்றாததற்குக் கேள்வி இல்லை. அணைக்க வேண்டிய நேரத்தில் அணையாததற்கு வேலை போயிற்று. எந்த வேலைக்காக அந்தக் குச்சியைக் கிழிக்காமல் இருந்தாரோ, அதே வேலை.

ஆவூர்ப் பக்கம் தங்கை அருளம்மாள் வீட்டுக்கு வந்தார். பங்கிராஸின் அம்மா அவள். வந்த மறுநாளே மனுஷன் ஒரு கருங்கல்லைக் கொத்திக் குழி எடுத்தார். வாசல் நிலைக்குப் பக்கத்தில் வைத்துப் புன்னை எண்ணெய் ஊற்றினார். உத்திரத்தில் ஒரு கூண்டு விளக்கு. இரவும் பகலும் இறக்குவதில்லை. எண்ணெய் வாங்க மாதம் ஒருமுறை அறந்தாங்கி வரைக்கும் போவார்.

"கடல் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? யாருக்குண்ணே இந்த வெளக்கு?" என்று தங்கை கேட்டாள்.

"அங்கிட்டு அவ்வளவு பெரிய வெளக்கு எரியுது ஆத்தா. ஆனா வாரவன் தொடுறதுக்கு எண்ணெ இல்லை. கல்லைக் கவுத்துப் போட்டுட்டோம்" என்றார். பாவம், அண்ணனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவள் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்.

சில வருஷம் போயிற்று. மறுபடி ஒரு கார்த்திகை. இதே மாதிரி காற்று, இதே மாதிரி மழை. விடிகாலையில் அருளம்மாள்தான் முதலில் எழுந்தாள்.

"அண்ணே... ராத்திரி கதவைத் தெறந்தீங்களா?"

"இல்லையே."

தாழ் போட்டபடியே இருந்தது. ஆனால் உள்ளே தரையில் ஈரக் கால் தடம். சேறு. நம் ஊர்ச் செம்மண் சேறு இல்லை. கன்னங்கரேல் என்று, பாசி வாடை அடிக்கிற கடல் சேறு. வாசல்படியில் தொடங்கி உள் சுவர் வரைக்கும் வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. நிலைக்கட்டையின் உள்பக்கம், தோள் உயரத்தில், எண்ணெய்க் கட்டைவிரலால் ஒரு இழுப்பு.

தைரியநாதன் அந்தச் சேற்றைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு.

"வந்துட்டான் ஆத்தா" என்றார். "தொட்டுட்டான்." ஏங்கி ஏங்கி அழுதார். எழுந்து போய் முதல் முறையாக அந்த விளக்கை இறக்கினார். முகம் தெளிந்திருந்தது. நிம்மதியாக ஒரு வாய் காப்பி குடித்தார். இரண்டாவது வாய்க்கு எடுத்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"உம்மாவுக்குத் தெரியாதே..." என்றார். "அது அங்கேயில்ல உக்காந்திருக்கு."

தங்கை எவ்வளவோ மறித்துப் பார்த்தாள். நிற்கவில்லை. பஸ் மாறி மாறிப் போய், கடைசியில் அந்த மணல் சாலையில் நடந்து, இருட்டுகிற நேரத்துக்குப் புன்னைத்திட்டு போய்ச் சேர்ந்தார். இரும்புக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார். உள்ளேயிருந்து புதுக் காவலாள் நல்லதம்பி குரல் கொடுத்தார்.

"யாரு?"

"கதவைத் தெறங்க தம்பி. ஒரு வார்த்தை சொல்லணும். மேல ஏறிச் சொல்லிட்டுப் போயிர்றேன்."

"வெளியாளை விட உத்தரவு இல்லைங்க."

அந்த வார்த்தையைக் கேட்டு தைரியநாதன் சிரித்தார் என்று நல்லதம்பி பிற்பாடு சொன்னார். அதற்குப் பிறகு ஏதோ பிறாண்டுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். நாய் என்று விட்டுவிட்டார்.

விடிந்து கதவைத் திறந்தால் ஆள் படியில் குப்புறக் கிடந்தார். உயிர் இல்லை. கல்லைச் சுற்றி முழங்கை ஆழத்துக்கு மணலைக் கையாலேயே தோண்டியிருந்தார். அதைப் புரட்டி நிமிர்த்தப் பார்த்திருக்கிறார். சிமெண்ட் பூசிக் கோபுரத்தோடு கட்டிய கல்லாயிற்றே, ஒரு மனுஷனால் ஆகிற காரியமா? நகமெல்லாம் பிய்ந்து ரத்தம். வலது கட்டைவிரல் மட்டும் சுத்தமாக இருந்தது. எண்ணெய் மினுமினுத்தது. புன்னை எண்ணெய்.

அவர் தொட்டுவிட்டார். பிள்ளை வந்து தொட்டுவிட்டான் என்று சொல்லியும் இருப்பார். ஹவ்வா உம்மாள் நம்பவில்லை போலிருக்கிறது. எப்படி நம்புவாள், விளக்கு பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொல்லித்தானே ஒரு தடவை நம்பினாள். உடலைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே சுருள் படியில், டங்... டங்... என்று குவளை மேலே ஏறியது. நல்லதம்பி தன் காதால் கேட்டார். அன்றைக்கும் வெயிலில் விளக்கு எரிந்தது.

பங்கிராஸ் வீட்டுக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள். அந்தக் கால் தடம் முடிந்த உள் சுவரில், எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் ஒரு இடம் மட்டும் உப்புப் பூத்துக் கிடக்குமே, பார்த்திருப்பீர்கள். கடலே இல்லாத ஊரில் உப்பு. இந்த மாதிரி நாளில் அந்தச் சுவர் வேர்க்கும். தண்ணீர் வடிந்து தரைக்கு வரும். பெண்டாட்டி பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு அவன் எப்படி வருவான்?

அவர்களும் அந்த வீட்டை விட்டுப் போகப் பார்த்தவர்கள்தான். அருளம்மாள்தான் சாகும்போது தடுத்துவிட்டாள். வந்த பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்றாளாம்.

இப்போது, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்துக்கு, பங்கிராஸ் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். காற்று ஓய்கிற சமயத்தில் சுவருக்குள்ளிருந்து ஒரு இளவட்டக் குரல் வரும் என்று என்னிடம் சொன்னான். மெதுவாகத்தான் வருமாம். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்குமாம். பதில் வராது. மறுபடி அதையே சொல்லும், விடிகிற வரைக்கும்.

"தொட்டாச்சு உம்மா."